மூடுபனியில் பெயர் சொல்லிக் கூப்பிடவும்

தொப்பிமலைக் கம்பளி ஆலைக்குக் குடை இல்லாமல் யாரும் வேலைக்குப் போவதில்லை. வெளியே மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் உள்ளே குடை தேவைப்படும். மலையில் மேய்கிற செம்மறி ஆடு எந்த வானத்துக்குக் கீழே நின்றதோ அந்த வானத்தில் கொஞ்சத்தைத் தன் ரோமத்துக்குள் வாங்கி வைத்துக்கொள்ளும் என்பதும், அந்த ரோமத்தைக் கத்தரித்து, அலசி, பொதியாகக் கட்டி, கடைசியில் கார்டிங் மெஷினின் முள் உருளைக்குக் கொடுத்துச் சிக்கெடுக்கும்போது அது வாங்கி வைத்த வெயிலும் தூறலும் காற்றும் வெளியே வந்துவிடும் என்பதும் அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அலசினால் அழுக்குப் போகும், வானம் போகாது. தெரிந்த விஷயத்தைப் பற்றி அங்கே யாரும் வாயைப் பிளந்து நிற்பதில்லை. ஆக வேண்டியதைப் பார்ப்பார்கள்.

வெயில் பொதி ஓடுகிற நாளில் பெண்கள் வீட்டு ஈரத்துணியைக் கூடையில் கொண்டுவந்து மெஷினுக்கு எதிரே கொடி கட்டிக் காயப்போடுவார்கள், வடகம் பிழிந்து வைப்பார்கள், ஊறுகாய் ஜாடியைத் திறந்து வைப்பார்கள். தூறல் பொதி ஓடுகிற நாளில் ஒரு கையில் குடை, ஒரு கையில் வேலை. தரையில் தேங்குகிற தண்ணீர் வாய்க்கால் வழியாகப் பின்கட்டுக்குப் போய்க் கேண்டீனின் கேரட் பாத்தியில் பாயும், அந்தக் கேரட்டுக்கு அடிவாரம் வரைக்கும் கிராக்கி. இடிப் பொதி வந்தால் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு அன்று லீவு. சமவெளியிலிருந்து சோதனைக்கு வந்த ஓர் அதிகாரி, மெஷினுக்கு மேலே ஆலங்கட்டி விழுவதைப் பார்த்துவிட்டு, கூரையைச் சரிசெய்யவும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். மரியாதைக்காகக் கூரையைச் சரிசெய்தார்கள். ஆலங்கட்டி அதன்பாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தது.

மூடுபனிக்கு மட்டும்தான் அங்கே பயம். மூடுபனிப் பொதி பிரிந்தால் தன் கை தனக்குத் தெரியாது, பக்கத்தில் ஓடுகிற பெல்ட்டும் தெரியாது. அதனால் ரோமத்தை மோந்து பார்த்துத் தரம் பிரிக்கிற பெண்கள் மூடுபனிப் பொதிகளைத் தனியாக ஒதுக்கி வைப்பார்கள். வெளியாட்கள் வராத நாள் பார்த்து, ஜன்னலையெல்லாம் திறந்து வைத்துக்கொண்டுதான் அதை ஓட்டுவார்கள். அப்படியும் மூக்கு ஏமாறிவிடுகிற நாள் உண்டு. அதற்கும் அங்கே ஒரு முறை இருந்தது, முறையைச் சொல்கிற பலகை ஒன்று வாசலில் தொங்கியது: மூடுபனியில் நடக்காதீர், பெயர் சொல்லிக் கூப்பிடவும்.

அந்தப் பலகைக்குக் கீழேதான் ஒரு மே மாதத்துக் காலையில் அருப்புக்கோட்டைத் தவமணியின் குடும்பம் வந்து நின்றது.

தவமணி ஊரில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டர். வருஷம் முழுவதும் மில்லுக்குள்ளேயே கிடக்கிற மனிதன், நாலு நாள் லீவு போட்டுப் பெண்டாட்டி பிள்ளைகளை மலைக்குக் கூட்டிவந்து, அங்கே ஏரி இருக்கிறது, படகு இருக்கிறது, பூங்கா இருக்கிறது, அதையெல்லாம் விட்டுவிட்டு இன்னொரு மில்லைப் பார்க்கத்தான் முதலில் கிளம்பினான் என்றால் அவனை என்ன சொல்வது. "பருத்தி ஓட்டியிருக்கேன், கம்பளி எப்படி ஓடுதுன்னு பாக்கணும்ல" என்றான். அவன் மனைவி சண்முகக்கனி மறுக்காமல் கிளம்பினாள். படகு என்றால் நாலு பேரும் எதிரும் புதிருமாக உட்கார வேண்டும், முகம் பார்த்துப் பேச வேண்டும். மில் என்றால் சத்தத்தில் யாரும் யாரையும் கூப்பிட வேண்டியிருக்காது. அவளுக்கு அது நிம்மதியாகப் பட்டது.

ஏனென்றால் கூப்பிடுவதில்தான் அந்த வீட்டில் சிக்கல். கனி தவமணிக்கு இரண்டாம் தாரம். முதல் மனைவி வாசுகி காய்ச்சலில் போனபோது மகனுக்கு ஒரு வயது, மகளுக்கு ஆறு. சின்னவன் கிஷோர், கனி வந்த மறுவாரமே "ம்மா" என்று அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டான். பெரியவள் கவிநயா மூன்று வருஷமாகக் கனியை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சண்டை இல்லை, முறைப்பு இல்லை, தலை வார உட்காருவாள், போட்டதைச் சாப்பிடுவாள், காய்ச்சல் வந்தால் மடியில்கூடப் படுப்பாள். கூப்பிடத்தான் மாட்டாள். தண்ணீர் வேண்டுமென்றால் பக்கத்தில் வந்து நின்று தொண்டையைச் செருமுவாள். ஏதாவது கேட்க வேண்டுமென்றால் தம்பியை அனுப்புவாள். "அப்பா, ரிப்பன் எங்கன்னு கேளுங்க" என்பாள், கனி ரெண்டடி தூரத்தில் நின்றுகொண்டிருக்கும்போதே. சித்தின்னாவது கூப்பிடச் சொல்லு என்று தெருவே யோசனை சொன்னது. கனி சொல்லவில்லை. சொல்லிக் கொடுத்து வருகிற சொல் தனக்கு வேண்டாம் என்று இருந்துவிட்டாள். ஆனாலும் தெருவில் எந்தப் பிள்ளை "அம்மா" என்று கத்தினாலும் அவள் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, இல்லை என்று தெரிந்து, மறுபடி வேலையைப் பார்ப்பாள். மூன்று வருஷத்தில் எத்தனை தடவை திரும்பியிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. அது வலித்தது, ரொம்ப வலித்தது, அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

ஆலை வாசலில் எஸ்தர் நின்றாள். ரோமம் மோந்து தரம் பிரிக்கிற பெண்களுக்குத் தலைவி, ஐம்பது வயது, வலது கையில் மூன்று விரல்தான்.

"பிள்ளைங்களா, உள்ள போறதுக்கு முன்னால ஒரு பரீட்சை," என்றாள். "உங்க அம்மா பேரு என்ன?"

"அம்மா," என்றான் கிஷோர்.

"அம்மாங்கறது பேரு இல்ல சாமி."

கிஷோர் யோசித்து, அப்பாவின் குரலிலேயே, "ஏ கனி!" என்றான். வாசலில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். எஸ்தர் அவனுக்கு முழுப் பெயரையும் மூன்று தடவை சொல்லிக் கொடுத்தாள். அவன் வாயில் அது 'சம்முகனி' என்று வந்தது.

"எதுக்குக்கா இதெல்லாம்?" என்று கேட்டாள் கனி.

எஸ்தர் கையைத் தூக்கிக் காட்டினாள். "பன்னெண்டு வருசத்துக்கு முன்னால மூடுபனி எறங்கிருச்சு. சோறு கொண்டாந்த பிள்ளை ஒண்ணு உள்ள மாட்டிக்கிட்டு அம்மான்னு கத்துச்சு. இருபத்தாறு பேரு இருந்தோம், இருபத்தாறு பேரும் ஓடினோம். என் பிள்ளையே இல்ல அது. ரெண்டு விரல் போச்சு. அன்னையிலேருந்து இந்த வாசலுக்கு உள்ள அம்மான்னு யாரும் கூப்பிடக் கூடாது. பேரைச் சொல்லணும். பேரைக் காதுல வாங்கறவ அடுத்தவளுக்குச் சொல்லுவா, அவ அடுத்தவளுக்கு. உரிய ஆள் 'வந்துட்டேன்'னு குரல் குடுத்ததும், பேரு எந்த வழியா வந்துச்சோ அந்த வழியாவே அவளைத் தோளத் தொட்டுத் தொட்டு அனுப்பிருவோம். மத்தவங்க நின்ன இடத்துல நிக்கணும்." பிறகு கவிநயா பக்கம் குனிந்தாள். "நீ சொல்லு கண்ணு. உங்க அம்மா பேரு?"

கவிநயா தன் செருப்பைப் பார்த்தாள். அப்புறம் தெளிவாக, "வாசுகி," என்றாள்.

"ஏத்தா…" என்று தவமணி ஆரம்பித்தான். கனி அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். "விடுங்க. கேட்டதுக்குச் சரியாத்தானே சொல்லியிருக்கா." எஸ்தரிடம் மெதுவாக, "வாசுகி அவளைப் பெத்தவங்கக்கா. இப்ப இல்ல," என்றாள்.

எஸ்தர் கனியையும் கவிநயாவையும் மாறி மாறிப் பார்த்தாள். "கூப்பிட்டா வரக்கூடிய ஆளு பேரைச் சொல்லணும் கண்ணு," என்றாள். கவிநயா செருப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இரக்க மனசுக்காரி எஸ்தர், இன்னொரு தடவை கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. "சரி போங்க, இன்னிக்கு வெயில் பொதிதான் ஓடுது," என்று கதவைத் திறந்துவிட்டாள்.

உள்ளே போன பத்தாவது நிமிஷம் தவமணி அந்த ஆலை ஃபிட்டரைக் கண்டுபிடித்துவிட்டான், இரண்டு பேரும் தோளில் கைபோட்டுக்கொண்டு கியர் பெட்டிப் பக்கம் போய்விட்டார்கள். போகும்முன் அவன் கனியிடம், "இந்த உருளையப் பாத்தியா, சுவிட்ச அணைச்சாலும் நிக்க ஏழு நிமிசம் ஆகும், அம்புட்டு கனம்" என்று, தானே செய்துவைத்த மாதிரிப் பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனான். நீலக் குரங்குக் குல்லா போட்டிருந்த கிஷோரின் இடது கையைக் கனி பிடித்திருந்தாள், கவிநயா வலது கையை. மெஷினிலிருந்து வெயில் வழிந்தது. கொடியில் துணிகள் காய்ந்தன. கேண்டீனுக்காக யாரோ அப்பளம் பரப்பி வைத்திருந்தார்கள். மலைக் குளிருக்கு அந்த வெயில் முதுகில் இதமாக இருந்தது.

எஸ்தருக்கு மனசு கேட்கவில்லை. வாசலில் பிள்ளையைச் சங்கடப்படுத்திவிட்டோம் என்று அவளுக்கு ஓர் உறுத்தல். வருகிற பிள்ளைகளைக் குஷிப்படுத்த அங்கே ஒரு வழக்கம் உண்டு: வெயிலும் மழையும் சேர்ந்து அடித்த நாளில் மேய்ந்த ஆட்டின் ரோமத்தைக் கொஞ்சம் எடுத்து ஓட்டுவார்கள். காக்காவுக்கும் நரிக்கும் கல்யாணம் என்று பிள்ளைகள் குதிக்கும். எஸ்தர் அப்படி ஒரு பொதியை அடுக்கிலிருந்து உருவி, மேல்பக்கத்தை மோந்து பார்த்து, சரி என்று மெஷினில் கொடுத்தாள். அவசரத்தில் அடிப்பக்கத்தை மோந்து பார்க்கவில்லை. மந்தையை விட்டு வழிதவறிப் போய், மூன்று நாள் பள்ளத்தாக்கில் தனியாக நின்ற ஏதோ ஓர் ஆட்டின் ரோமம் அந்த அடியில் இருந்தது.

முதலில் பொன் மாதிரித் தூறல் விழுந்தது. அப்புறம் மெஷினுக்கு மேலே ஒரு முழ நீளத்துக்கு வானவில் வந்தது. "ஐ!" என்று கிஷோர் இரண்டு கையையும் உருவிக்கொண்டு அதைப் பிடிக்க ஓடினான், "டேய்!" என்று கவிநயா பின்னால் ஓடினாள், இரண்டு பேரும் மெஷினைச் சுற்றி அந்தப் பக்கம் மறைந்தார்கள், கனி ஓர் அடி எடுத்து வைத்தாள், அவ்வளவுதான், பால் கொதித்துப் பொங்குகிற மாதிரி மெஷினின் வாயிலிருந்து மூடுபனி பொங்கி, கொடியை மூடி, துணியை மூடி, கனியின் கண்ணை மூடியது.

எச்சரிக்கை மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டில் யாரோ அடித்தார்கள். டங், டங், டங். சுவிட்ச் விழுந்த சத்தம் கேட்டது. பேச்சு நின்றது, காலடிகள் நின்றன. உருளையும் அதோடு ஓடுகிற பெல்ட்டும் மட்டும் நிற்கவில்லை. ஏழு நிமிசம் என்று கனியின் மண்டைக்குள் புருஷனின் குரல் பெருமையாகச் சொன்னது.

"ம்மா!" என்று கிஷோர் அழுதான்.

மூடுபனிக்குள் சத்தத்துக்குத் திசை கிடையாது. அந்த அழுகை நாலு பக்கத்திலிருந்தும் வந்தது. கனி பாய்ந்தாள். மூன்று விரல்கள் அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தன.

"போகாதம்மா," என்றாள் எஸ்தர். "எந்தப் பக்கம்னு போவ? ரெண்டு பக்கமும் பெல்ட்டு. பேரு வரட்டும்."

"சின்னப்பயக்கா அவன், அவனுக்குப் பேரு வராதுக்கா!"

"பெரியவளுக்கு வரும்ல."

சுற்றிலும் இருட்டாக இல்லை, வெள்ளையாக இருந்தது, அந்த வெள்ளைக்குள் இருபது முப்பது பெண்கள் அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டு, ஓடத் துடிக்கிற காலைத் தரையில் அழுத்திக்கொண்டு நிற்பதைக் கனியால் கேட்க முடிந்தது. ஒவ்வொருத்தியும் மூச்சை இழுத்துப் பிடித்திருந்தாள். அப்போது கவிநயாவின் குரல் வந்தது.

"வாசுகி!"

ஆலை அதை வாங்கிக்கொண்டது. வாசுகி, என்றாள் ஒருத்தி. வாசுகி, என்றாள் அடுத்தவள். வாசுகி, வாசுகி என்று அந்தப் பெயர் வாய்க்கு வாய் மாறி, பொதி அடுக்குப் பக்கம் போய், நூல் சுற்றுகிற பக்கம் போய், தறிப் பக்கம் போய், வாசல் வரைக்கும் போய், ஆலை முழுவதும் தேடிவிட்டு, ஆளைக் காணாமல், புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தது. கனிக்கு அப்போது பொறாமை வரவில்லை, வருத்தம்கூட வரவில்லை. ஐயோ, இந்தப் பிள்ளை இத்தனை நாளும் இந்தப் பேரைத்தான் மனசுக்குள் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது, ஒருதரம்கூடப் பதில் வரவில்லையே என்றுதான் இருந்தது. யார் பெயரில் போனால் என்ன, போய்ச் சேர்ந்தால் போதும். வந்துட்டேன் என்று வாசுகிக்காகச் சொல்லிவிட அவள் வாயைத் திறந்தாள்.

அதற்குள் அந்தப் பக்கமிருந்து, உடைந்து, கீச்சென்று, ஆனால் ஓர் எழுத்துக்கூட விடாமல் இன்னொரு பெயர் வந்தது.

"சண்முகக்கனி! தம்பி கைய உருவுறான், என்னால பிடிக்க முடியல! சண்முகக்கனி!"

சண்முகக்கனி, என்றது அருகில் ஒரு குரல். சம்முகக்கனி, என்றாள் நூல் சுற்றுகிற பெண். சண்முகக்கனி, என்றார் பல் இல்லாத தறிக்காரர் ஒருவர். கியர் பெட்டிப் பக்கமிருந்து அடித்தொண்டையில் ஒரு குரல் சண்முகக்கனி என்றது, அது தவமணியின் குரல். கல்யாணப் பத்திரிகைக்கு அப்புறம் அந்தப் பெயர் அவன் வீட்டில் முழுசாகப் புழங்கியதே இல்லை.

"வந்துட்டேன்!" என்று கனி கத்தினாள். "வந்துட்டேன், வந்துட்டேன்!"

எஸ்தர் மணிக்கட்டை விட்டாள். ஒரு கை கனியின் தோளைத் தொட்டு வலப்பக்கம் திருப்பியது. இன்னொரு கை முதுகில் பட்டு நேரே தள்ளியது. குனிஞ்சுக்கோ, என்று ஒருத்தி சொல்ல, குனிந்தாள், தலைக்கு மேலே பெல்ட் காற்றை வெட்டிக்கொண்டு ஓடியது. ரெண்டடி இடது, என்றாள் ஒருத்தி. அவ்வளவுதான் தாயி, இந்தா, என்று ஒரு சொரசொரப்பான கை அவள் கையைப் பிடித்துக் கீழே இறக்கி ஒரு சின்னத் தலையின் மேல் வைத்தது.

கவிநயா ஓர் இரும்புத் தூணில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்து, தம்பியின் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்திருந்தாள். கனி இரண்டு பேரையும் சேர்த்து அள்ளி மடியில் போட்டுக்கொண்டாள். உருளை மெதுவாகி, முனகி, நின்றது. அப்பாடா என்று யாரோ ஒருத்தி சொன்னாள். அது ஆலை முழுவதும் பெயரைப் போலவே வாய்க்கு வாய் போயிற்று.

மூடுபனி ஜன்னல் வழியாக வெளியேறிப் போய்க் கேரட் பாத்தியின் மேல் படுத்துக்கொண்டது. கிஷோரின் குரங்குக் குல்லாவைக் காணவில்லை. தேடியபோது அது உருளைக்குள் போய்ச் சிக்கெடுபட்டு, நீலப் பஞ்சாக மறுபக்கம் வந்து விழுந்து கிடந்தது. அதைப் பார்த்ததும் தவமணி தரையில் உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்தவன், பயத்தில் என்ன பேசுவதென்று தெரியாமல், "பெரியவங்களப் பேரச் சொல்லியாத்தா கூப்பிடுவ?" என்று மகளைக் கேட்டான். நாலாபக்கத்துப் பெண்களும் சேர்ந்து அவனைப் பிடித்த பிடியில் அவன் தலையைத் தூக்கவில்லை. "ஆலைச் சட்டம் உனக்குத் தெரியுமாய்யா? பிள்ளை சட்டப்படி நடந்திருக்கா!" என்றார்கள். எஸ்தர் மூக்கைச் சிந்திக்கொண்டே எல்லோருக்கும் டீ சொன்னாள். அரைமணி நேரத்தில் கொடியில் நனைந்த துணியைப் பிழிகிறவர்கள் பிழிந்தார்கள், நமத்துப்போன அப்பளத்தை நினைத்துப் புலம்புகிறவர்கள் புலம்பினார்கள், ஆலை அதன் வேலையைப் பார்க்கத் தொடங்கியது.

கனியும் கவிநயாவும் பின்கட்டில் கேரட் பாத்தி ஓரம் உட்கார்ந்திருந்தார்கள். மூடுபனி அவர்கள் முழங்காலுக்குக் கீழே நாய்க்குட்டி மாதிரிச் சுருண்டு கிடந்தது.

"மொதல்ல அம்மாவத்தான் கூப்பிட்டேன்," என்றாள் கவிநயா, பாத்தியைப் பார்த்துக்கொண்டு.

"கேட்டுச்சு."

"வரமாட்டாங்கன்னு தெரியும். இருந்தாலும் கூப்பிட்டுப் பாத்தேன்."

"கூப்பிடணும்ல," என்றாள் கனி. "ஊரே சேந்து கூப்பிட்டுச்சே அவங்கள. எம்புட்டு அழகான பேரு."

கவிநயா கொஞ்ச நேரம் அழுதாள். கனி அவளை அழவிட்டாள். தானும் அழுதாள், ஆனால் அது மூன்று வருஷத்துச் சுமை இறங்கின அழுகை, உடம்பே லேசாகிவிட்டது. அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு கவிநயா கேட்டாள்: "இங்க பேரச் சொல்லலாம். வீட்ல?"

"வீட்டுல உனக்கு என்ன வாயில வருதோ அது."

எஸ்தர் அந்த நீலப் பஞ்சையே மூடுபனி ரோமத்தோடு சேர்த்து நூற்று, இரண்டே நாளில் புதுக் குல்லா பின்னிக் கொடுத்தனுப்பினாள். அருப்புக்கோட்டையில் குல்லாவுக்கு என்ன வேலை என்று தெரு சிரித்தது. கத்திரி வெயில் மதியம் கிஷோர் அதை ஒரு தடவை உதறினான்; வாசலில் ஒரு குடம் மூடுபனி கொட்டிக் கால் மணி நேரம் குளுகுளுவென்று நின்றது. மறுநாளிலிருந்து தெருப் பெண்கள் பூக்கட்டவும் அரிசி பொறுக்கவும் அந்த வாசலுக்கே வந்து, "கனி, குல்லாவக் கொஞ்சம் உதறச் சொல்லேன்" என்று கேட்டு வாங்கி உட்கார்ந்துகொண்டார்கள். கவிநயா கூப்பிடுவதுதான் அவர்களுக்குப் பொறுக்கவில்லை. "என்னடி இது, பெத்தவ மாதிரி இருக்கிறவள மொட்டையாப் பேரச் சொல்லுறா?" என்றார்கள். கனி பூவைத் தொடுத்துக்கொண்டே சிரித்தாள். ரெண்டு வாரம் பேசினார்கள், அப்புறம் பழகிவிட்டது. பழகினது மட்டுமில்லை, கவிநயா தெருமுனையிலிருந்து கூப்பிட்டால், கேட்ட வாசல்காரி அடுத்த வாசலுக்கு, அவள் அடுத்த வாசலுக்கு என்று வாய்க்கு வாய் சொல்லி அனுப்பவும் தொடங்கிவிட்டார்கள்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. முதல் நாள் சாயங்காலம் மணி அடித்ததும் பிள்ளைகள் அணை உடைந்த மாதிரிக் கேட்டை நோக்கி ஓடிவந்தார்கள். அம்மா, அம்மா, அம்மா என்று நூறு குரல். கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்ற நூறு பெண்களும் எம்பி எம்பி அங்கும் இங்கும் திரும்பினார்கள், என்னையா, என் பிள்ளையா என்று தேடினார்கள். கனி திரும்பவில்லை. சைக்கிளில் சாய்ந்து, கிஷோரைப் பிடித்துக்கொண்டு, நிதானமாகக் காத்திருந்தாள்.

"சண்முகக்கனி!" என்று ஒரு குரல் வந்தது.

"வந்துட்டேன்," என்று சொல்லிக்கொண்டே அவள் கூட்டத்துக்குள் நடந்தாள்.